ஆங்கில வினையும் அதனைத் தொடரும் சிறுசொல்லும்
கற்பித்தல் முறை பற்றிய ஒரு கண்டனம்

பல்கலைக்கழகத்துக்கு வரும் தமிழ் மாணவர்க்கு ஆங்கிலம் தெரியாது என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. விரிவுரையாளர் கூறுவர்; தொழில் வழங்குவோர் கூறுவர்; சில வேளைகளில் மாணவரே தம்மைப் பற்றி அவ்வாறு கூறிக்கொள்வர். எனினும், அம்மாணவர்க்கு ஆங்கிலத்தில் தெரியாதது யாது என்ற வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. கலைப்பீட மாணவன் ஒருவன் ‘ரெவலூஷன்’, ‘கொன்சிக்குவன்ஸ்’, ‘ஹைப்பொதிசிஸ்’ முதலான பெருஞ்சொற்களைப் பாடநூல்கள் வாயிலாக அறிந்தே வைத்திருக்கின்றான். ‘புட்’, ‘அப்’, ‘வித்’ என்னும் மூன்றையும் அவன் ஆரம்ப வகுப்புகளிலேயே கற்றுவிட்டான். ஆனால் இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்து ‘புட் அப் வித்’ என வரும்போது, அது ‘பொறுத்துக்கொள்’ எனப் பொருள்படும் என்பதை அவனுக்கு எவரும் கூறவில்லை. தெரிந்த மூன்று சொற்கள் கூடித் தெரியாத ஒரு சொல்லாகி நிற்கின்றன. அவன் தடுமாறுவது இவ்விடத்திலேயே. அவனுக்குக் கற்பித்த முறை தவறியதும் இவ்விடத்திலேயே.

ஆங்கில இலக்கண நூல்கள் ‘பிறிப்பொசிஷன்’ எனக் குறிப்பிடுவதைத் தமிழில் முன்னிடைச்சொல் என்பர். பெயருக்கு முன் நின்று இடம், காலம், தொடர்பு ஆகியவற்றை உணர்த்துவது அதன் தொழில் எனப் பாடசாலையிற் கற்பிக்கப்படுகின்றது. மேசையின் மேல், பெட்டியின் உள், மரத்தின் கீழ் என்னும் அளவில் அப்பாடம் முடிந்துவிடுகின்றது. அதே சொற்கள் வினையை அடுத்து வந்து அவ்வினையின் பொருளையே தலைகீழாக மாற்றும் இயல்பின என்ற உண்மை, ஒரு பிற்சேர்க்கையாக, பரீட்சைக்கு முந்திய வாரத்தில் மனனஞ் செய்யவேண்டிய பட்டியலாக மாத்திரமே மாணவனை வந்தடைகின்றது.

‘லுக்’ என்ற வினையை எடுத்து நோக்குக. பார் என்பது அதன் பொருள். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரித்தல். ‘லுக் ஃபோர்’ என்றால் தேடுதல். ‘லுக் இன்டு’ என்றால் விசாரணை செய்தல். ‘லுக் டவுன் ஒன்’ என்றால் இழிவாகக் கருதுதல். ‘லுக் அப் டு’ என்றால் மதித்துப் போற்றுதல். ‘லுக் ஃபோர்வேட் டு’ என்றால் ஆவலோடு எதிர்பார்த்தல். வினை ஒன்றே, மாறியவை அதனைத் தொடர்ந்த சிறுசொற்களே. இத்தொடர்களில் பொருளின் பெரும்பாரத்தைச் சுமப்பது வினையா, சிறுசொல்லா என்று வினவின், சிறுசொல்லே என விடையிறுக்க வேண்டியிருக்கும்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் எனக் கருதுவோர் அலுவலகக் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரு நேர்முகப் பரீட்சை ‘கோல்ட் ஓஃப்’ எனக் கடிதம் வந்தால் அது நிறுத்தப்பட்டுவிட்டது என்பது பொருள். ‘கோல்’ என்றால் அழை என்று மாத்திரம் கற்ற இளைஞன், தான் அழைக்கப்பட்டிருப்பதாக எண்ணி விடியற்காலைப் பஸ்ஸிற் புறப்படுவான். விண்ணப்பம் ‘டேர்ன்ட் டவுன்’ என்றால் அது நிராகரிக்கப்பட்டது; திருப்புதலுக்கும் கீழுக்கும் அங்கே வேலையில்லை. தொழிலாளி ‘லெய்ட் ஓஃப்’ ஆனால் அவன் வேலையினின்றும் நிறுத்தப்பட்டான். ‘சைன் அப்’ என்பது ஒன்றிற் சேர்வதற்குப் பெயர் பதிவு செய்தல். ‘சைன் ஓவர்’ என்பதோ உடைமையை மற்றொருவர்க்குக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுதல். கையொப்பம் ஒன்றுதான், ஒன்றில் ஒருவன் அங்கத்தவனாகின்றான், மற்றதிற் காணியை இழக்கின்றான். இரண்டெழுத்து, நான்கெழுத்துச் சொற்கள் ஒருவனுடைய வாழ்வைத் தீர்மானிக்கும்போது அவற்றைச் ‘சில்லறைச் சொற்கள்’ என ஒதுக்குவது எவ்வகை நியாயம்?

சிறுசொல் எது என்பதோடு அது எங்கே நிற்கின்றது என்பதும் பொருளைத் தீர்மானிக்கின்றது. கணக்குகளை ‘லுக் ஓவர்’ செய்தவன் அவற்றைப் பரிசீலித்தவன். அவற்றை ‘ஓவர்லுக்’ செய்தவன் கவனியாது விட்டவன். முதலாமவன் கடமையைச் செய்தான். இரண்டாமவன் கடமையிற் தவறினான். ‘டேக் ஓவர்’ பொறுப்பேற்றல். ‘ஓவர்டேக்’ முந்திச் செல்லுதல். ‘செட் அப்’ நிறுவுதல்; ‘அப்செட்’ குலைத்தல். ‘ஹோல்ட் அப்’ தடுத்து நிறுத்துதலையும் குறிக்கும், ‘அப்ஹோல்ட்’ நிலைநாட்டுதல். இவற்றினும் நுட்பமான ஒன்றுண்டு. ஒருவன் தன் நண்பனை ‘சீ’ என்ற வினையை அடுத்து உடனே ‘த்றூ’ என்ற சொல் வரப் பார்த்தானாயின், நண்பனின் வஞ்சகத்தைக் கண்டுகொண்டான் என்பது பொருள். நண்பன் என்ற சொல் இடையில் வர, ‘த்றூ’ இறுதியில் நின்றால், துன்பத்தில் இறுதிவரை அவனுக்குத் துணை நின்றான் என்பது பொருள். ஒரு சொல் ஓர் இடம் தள்ளி நின்றமையால் வஞ்சகன் நண்பனாகி விடுகின்றான்.

ஆங்கில இலக்கண ஆசிரியர் காட்டும் வேறோர் எடுத்துக்காட்டும் இங்குப் பயன்படும். ‘றண் அப் ஏ ஹில்’ என்றால் குன்றின் மேல் ஓடுதல். ‘றண் அப் ஏ பில்’ என்றால் கொடுக்கவேண்டிய தொகையை ஏறவிடுதல். எழுத்திற் பார்த்தால் இரண்டும் ஒரே அமைப்பின. முன்னதில் ‘அப்’ குன்றைச் சார்ந்தது. அது உண்மையான முன்னிடைச்சொல். பின்னதில் ‘அப்’ வினையைச் சார்ந்தது. வினையின் ஓர் உறுப்பாகவே ஆகிவிட்டது. ஆதலின் பின்னதில் அச்சிறுசொல்லைப் பெயருக்குப் பின்னரும் வைக்கலாம். முன்னதில் அவ்வாறு வைத்தல் இயலாது. வினையின் உறுப்பான சிறுசொல் பேச்சில் அழுத்தம் பெற்று ஒலிக்கும்; பெயரைச் சார்ந்த முன்னிடைச்சொல் பெரும்பாலும் அழுத்தமின்றி ஒலிக்கும். இவ்வேறுபாட்டைக் கற்பியாது, ‘வெற்றிடத்தைப் பொருத்தமான முன்னிடைச்சொல்லால் நிரப்புக’ என வினாத்தாளில் இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவது மாணவனைச் சோதிப்பதாகாது, அவனைக் குழப்புவதாகும்.

இவ்வியல்பு ஆங்கிலத்திற் புதிதாகத் தோன்றியதன்று. பழைய ஆங்கிலம், இன்றைய ஜேர்மன் மொழியைப் போன்று, வினைக்கு முன்னே ஒட்டுகளைச் சேர்த்துப் பொருளை மாற்றியது. அவ்வொட்டுகள் இடைக்கால ஆங்கிலத்திற் பெரிதும் தேய்ந்தன. வினைக்குப் பின் வரும் தனிச்சொற்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. பழைய வழக்கின் எச்சங்களாக ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ போன்றவை எஞ்சியுள்ளன. ‘வித்’ என்பதற்கு இன்று ‘உடன்’ என்றே பொருள் கூறப்படுகின்றது. பழைய ஆங்கிலத்தில் அது ‘எதிராக’ என்ற பொருளைத் தந்தது. அதனாலேயே ‘வித்ஸ்டாண்ட்’ என்பது எதிர்த்து நிற்றலாயிற்று. பகைவனுடன் பொருதலை இன்றும் ‘ஃபைட் வித்’ என்கின்றனர். தமிழிலும் ‘பகைவனோடு பொருதான்’ என்கையில், உடனிகழ்ச்சிக்குரிய ‘ஓடு’ உருபே எதிர்நிலையைக் குறிப்பது கவனிக்கத்தக்கது.

இக்கூட்டுவினைகள் அயலார்க்குப் பெருந்தடையாகும் என்பதை ஆங்கிலேயர் அறியாதிருக்கவில்லை. 1755இல் வெளிவந்த தமது அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜோன்சன், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் வேறுபடும் இவ்வழக்கே அந்நியர்க்கு மிகுந்த இடர் தருவதென எடுத்துக்கூறி, அத்தகைய தொடர்களைத் தாம் கருத்தூன்றித் தொகுத்தமையையும் குறிப்பிட்டுள்ளார். ‘பிறேசல் வேர்ப்’ என இன்று வழங்கும் பெயரை லோகன் பியர்சல் சிமித் 1925இல் வெளியிட்ட நூலிற் கையாண்டார். ஜோன்சன் கண்ட இடரை, இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், பாடத்திட்டம் வகுப்போர் பலர் கண்டதாகத் தெரியவில்லை.

காணாமைக்கு ஒரு காரணம் இலத்தீன் மோகம். 1672இல் டிறைடன், வாக்கியத்தின் இறுதியில் முன்னிடைச்சொல்லை நிறுத்தியமைக்காகப் பென் ஜோன்சனைக் குறைகூறினார். பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணகாரர் சிலர் அதனைப் பின்பற்றினர். இலத்தீனில் அவ்வழக்கு இல்லாமையால் ஆங்கிலத்திலும் அது குற்றமெனக் கொள்ளப்பட்டது. தம் மொழியின் இயல்பைப் பிறமொழியின் அளவுகோலால் அளந்த இப்பிழை, ஆங்கிலத்தைக் கற்பிக்கும் இடங்களிலும் தொடர்ந்தது. ‘புட் ஓஃப்’ எளிய வழக்கு, ‘போஸ்ட்போன்’ உயர்ந்த வழக்கு. ‘புட் அப் வித்’ பேச்சு, ‘டொலறேட்’ எழுத்து என்ற பாகுபாடு வகுப்பறைகளில் வேரூன்றியது. உண்மையில் ‘போஸ்ட்போன்’ என்பதும் ‘பின்’ என்ற இலத்தீன் சிறுசொல்லும் ‘வை’ என்ற இலத்தீன் வினையும் கூடிய கூட்டமே. ‘இன்ஸ்பெக்ட்’ என்பது ‘உள்ளே பார்’ என்பதன் கூட்டு. ஆங்கிலத்திற் சிறுசொல் வெளியே நிற்கின்றது. இலத்தீனில் வினைக்குள்ளே மறைந்திருக்கின்றது. மறைந்திருப்பதை உயர்வென்றும் வெளிப்பட நிற்பதைத் தாழ்வென்றும் கூறுவது மொழியியல் ஆகாது.

மற்றொரு மயக்கம், ‘எளிய ஆங்கிலம்’ என்ற பெயரில் வந்தது. 1930இல் ஒக்டன் வகுத்த ‘பேசிக் இங்கிலிஷ்’ 850 சொற்களை மாத்திரம் கொண்டது. அவற்றுள் வினைகள் 18 மட்டுமே. இவ்வளவு சொற்களால் வேண்டியவற்றையெல்லாம் கூறிவிடலாம் என்றது அத்திட்டம். அதெவ்வாறு இயலும்? ‘கெட்’, ‘கிவ்’, ‘புட்’, ‘டேக்’ முதலான வினைகளைச் சிறுசொற்களோடு கூட்டிப் பிற வினைகள் ஆயிரக்கணக்கானவற்றின் வேலையை வாங்கினமையாலன்றோ! சொற்களின் எண்ணிக்கை குறைந்தது; கற்கவேண்டிய பொருள்களின் எண்ணிக்கை குறையவில்லை. அச்சுமை கணக்கிற் காட்டப்படாது மாணவன் தோளில் ஏற்றப்பட்டது. இன்று ‘அடிப்படைச் சொற்கள் ஆயிரம்’ எனப் பட்டியலிடுவோர் பலரும் செய்வது இதே கணக்குத்தான்.

இலங்கையில் இப்பிரச்சினைக்கு ஒரு வர்க்கப் பரிமாணமும் உண்டு. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1960களில் பல்கலைக்கழகக் கலைப்பீடங்களிலும் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாக நிலைபெற்றன. அதுவரை உயர்கல்வியின் வாயிலைக் காணாத குடும்பங்களின் பிள்ளைகள் உள்ளே வந்தனர். அது வரலாற்றுச் சிறப்புடைய மாற்றம். அதனைக் குறைகூறுவோர் மக்கள் கல்வியையே குறைகூறுபவராவர். ஆயினும் ஆங்கிலத்தின் அதிகாரம் அதனோடு மறைந்துவிடவில்லை. சிங்கள மாணவர் அதனைக் ‘கடுவ’, அதாவது வாள், என அழைத்தனர். அப்பெயரின் பின்னாலுள்ள அதிகார உறவைத் திரு கந்தையா 1984இல் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். 1987இன் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. இணைக்கும் மொழியே வெட்டும் வாளாகவும் இருந்து வருகின்றது.

அவ்வாளின் கூர்முனை எங்குள்ளது என்பதே இங்கு எடுத்துரைக்க வேண்டியது. பெருஞ்சொற்களை நூலகத்திற் பெறலாம். கிராமத்து மாணவன் அகராதியோடு இரவு பகலாக இருந்து அவற்றைப் பெற்றும் விடுகின்றான். சிறுசொற் கூட்டுவினைகளோ வீட்டிலும் விளையாட்டிடத்திலும் உணவு மேசையிலும் வழங்குபவை. ஆங்கிலம் பேசும் இல்லத்திற் பிறந்த பிள்ளைக்கு அவை தாய்ப்பாலோடு வருகின்றன. ஏனையோர்க்கு எங்கிருந்தும் வருவதில்லை. ஆகவே கிராமத்து மாணவன் நேர்முகப் பரீட்சையில் ‘டொலறேட்’ என்றால், ‘புத்தகம் பேசுகின்றது’ என நகைக்கின்றனர். அவனே துணிந்து ‘கோப் அப் வித்’ என்றால், ‘பிழை’ என மீண்டும் நகைக்கின்றனர். பேசினாலும் நகை, பேசாவிடினும் நகை. அறிவை அளப்பதாகக் கூறிக்கொண்டு இங்கு அளக்கப்படுவது பிறப்பிடமேயன்றி வேறன்று.

நகைப்போர் அப்பிழைகளின் தோற்றத்தை ஒருகணம் ஆராய்ந்திருப்பின் வெட்கியிருப்பர். ‘கீப் அப் வித்’, ‘கட்ச் அப் வித்’, ‘புட் அப் வித்’ என்பன சரியாயின், ‘கோப் அப் வித்’ என்பதும் சரியாகும் என மாணவன் ஊகிக்கின்றான். ‘டிஸ்கஷன்’ என்ற பெயருக்குப் பின் ‘எபவுட்’ வரலாமாயின், ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னும் அது வரலாம் எனக் கொள்கின்றான். ‘பற்றிக் கலந்துரையாடு’ என்ற தமிழ் வழக்கும் அவனை அவ்வழியே செலுத்துகின்றது. இவை மூளைச் சோம்பலின் விளைவுகளல்ல. ஒப்புமை கண்டு விதி காணும் அறிவின் விளைவுகள். அவ்வறிவுக்கு வழிகாட்டுவதே ஆசிரியன் கடமை, அதனைத் தண்டிப்பதன்று.

வழிகாட்டுதற்குரிய கருவி மாணவனிடமே உள்ளது. அது அவனது தமிழ். தமிழில் ‘பார்’ என்பது வேறு, ‘பார்த்துக்கொள்’ என்பது வேறு. பின்னது பராமரித்தலைக் குறிக்கும். ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கு அதனினும் பொருத்தமான விளக்கம் வேண்டுமா? ‘நட’ என்றால் காலால் நடத்தல். ‘நன்றாக நடந்துகொண்டான்’ என்றால் ஒழுகினான். ‘கண்டுபிடி’ என்பதிற் பிடித்தல் எங்கே உள்ளது? ‘விட்டுக்கொடு’ என்பதிற் கையாற் கொடுக்கும் பொருள் யாது? ‘தள்ளிப்போடு’ என்பதில் எதனைத் தள்ளி எங்கே போடுகின்றனர்? இவற்றைத் தமிழ்ப் பிள்ளை ஐந்து வயதிற் பிழையின்றிப் பேசுகின்றது. இரண்டு சொற்கள் கூடித் தம் தனிப்பொருளை இழந்து மூன்றாவது பொருளைத் தரும் என்ற உண்மை அதற்குப் புதிதன்று. ஆங்கிலம் இதனைச் சிறுசொல்லாற் செய்கின்றது. தமிழ் துணைவினையாற் செய்கின்றது. வேற்றுமையுருபும் இவ்வாறே வினைப்பொருளை வேறுபடுத்தும். அவனிடம் கேட்டான் என்றால் வினவினான். அவனுக்குக் கேட்டது என்றால் செவிக்கு எட்டியது. இடைச்சொற்கள் தனித்து இயங்கும் இயல்பின்றிப் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே இயங்குவன எனத் தொல்காப்பியர் கூறியதை உயர்தர வகுப்பிற் கற்ற மாணவனுக்கு, அடுத்த பாடவேளையில் ‘அப்’ என்பதற்குத் தனிப்பொருள் ‘மேலே’ என எழுதிக்கொடுப்பது எத்துணை முரண்!

ஆங்கில வகுப்பிலே தமிழ் ஒலிக்கலாகாது என்போர் இவ்விடத்தில் எதிர்ப்புரைப்பர். தாய்மொழி தலையிடின் பிழை பெருகும் என்பது அவர் வாதம். தாய்மொழி தலையிடுவதை எவரும் தடுத்தல் இயலாது. வகுப்பில் அதன் வாயை மூடினும் மாணவன் மனத்தில் அது பேசிக்கொண்டேயிருக்கும். வெளிப்படையாக ஒப்பிட்டுக் கற்பித்தால், எங்கே இரு மொழிகளும் ஒத்துச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன என்பது புலனாகும். மறைத்துவிட்டாற் பிழை மாத்திரமே புலனாகும்.

இவை மரபுத்தொடர்கள், இவற்றுக்கு ஒழுங்கில்லை, மனனஞ் செய்தலே வழி என்பது மற்றொரு சாரார் வாதம். இதுவும் முழு உண்மையன்று. ‘ஈட் அப்’, ‘டிறிங்க் அப்’, ‘யூஸ் அப்’ என்பவற்றில் ‘அப்’ செயல் எச்சமின்றி முற்றுப்பெறுவதைக் காட்டுகின்றது. தமிழில் ‘விடு’ காட்டும் முற்றுப்பொருளோடு இது ஓரளவு ஒக்கும். ‘கோ ஒன்’, ‘கரி ஒன்’, ‘கீப் ஒன்’ என்பவற்றில் ‘ஒன்’ செயல் தொடர்வதைக் காட்டுகின்றது. ‘கட் ஓஃப்’, ‘பிறேக் ஓஃப்’ என்பவற்றில் ‘ஓஃப்’ பிரிவைக் காட்டுகின்றது. எல்லாத் தொடர்களும் இவ்வொழுங்குக்குள் அடங்கா என்பது மெய்யே. கடதாசி ‘பேர்ன் அப்’ ஆவதும் வீடு ‘பேர்ன் டவுன்’ ஆவதும் எரிந்தழிதலே. ‘மேலே’யும் ‘கீழே’யும் அங்கே ஒரே முடிவில் வந்து சேருகின்றன. எனினும் ஒழுங்குள்ளவற்றை ஒழுங்கோடு கற்பித்துவிட்டால், மனனத்துக்கு எஞ்சுவது குறையும். அகரவரிசையிற் பட்டியலிட்டு ஒரே வினையின் பத்துப் பொருள்களை ஒரே நாளிற் திணிக்கும் இன்றைய முறையோ அவ்வொழுங்கையும் மறைத்துவிடுகின்றது.

ஆதலாற் செய்யவேண்டுவன தெளிவானவை. வினையும் சிறுசொல்லும் சேர்ந்தவற்றை ஒரே சொல்லாகக் கருதித் தொடக்க வகுப்பிலிருந்தே கற்பித்தல் வேண்டும். மாணவர் கைகளிற் புழங்கும் சொற்பட்டியல்கள் ‘லுக்’ என்பதற்கு ‘பார்’ என ஒரு வரியோடு நின்றுவிடாது, கூட்டுவினைகளைத் தனித்தனிச் சொற்களாக வாக்கியங்களோடு தருதல் வேண்டும். சொல்லைக் கேட்டும் பேசியும் பழகச் சந்தர்ப்பம் அளிக்காது வெற்றிடம் நிரப்பச் சொல்லும் வினாக்கள் ஒழிதல் வேண்டும். தமிழ் இலக்கணம் கற்பிப்போரும் ஆங்கிலம் கற்பிப்போரும் ஒரே மேசையில் அமர்ந்து இரு மொழிகளின் கூட்டுவினைகளையும் ஒப்புநோக்கிப் பாடங்கள் ஆக்குதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியைத் தமக்குப் புறம்பானதெனக் கருதலாகாது. தமிழ் பயின்ற அறிவால் இன்னொரு மொழியின் பூட்டைத் திறக்கலாம் என நிறுவுவதும் தமிழ்ப்பணியே.

இவையெல்லாம் செய்யப்படும்வரை, தமிழ் மாணவர்க்கு ஆங்கிலம் தெரியாது எனக் கூறும் உரிமை எவர்க்கும் இல்லை. கற்பிக்கப்படாத ஒன்றை அறியாதிருத்தல் மாணவன் குற்றமாகாது. சிறுசொல்லைச் சிறிதென எண்ணிக் கற்பியாது விட்டோரே அக்குற்றத்துக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.